நூற்றுத் தொண்ணூற்றைந்து அடி

தொண்ணூற்றாறு நிமிடப் படம்.
"எழுபத்தெட்டாக்கு" என்றார் கெல்லர்மன்.
"மிருகம் இருக்கட்டும், பேச்சைக் குறை.
ஃபிரெஸ்னோவில் காரில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு
டோக்கியோ மந்திரிசபை எதற்கு?"

நான் வெர்னா. கத்தரி பிடித்துப் பதினொரு வருடம்.
கௌபாய் படங்களில் செத்த குதிரைகளை
இரண்டு முறை எழுப்பி ஓடவிட்டிருக்கிறேன்.
மந்திரிசபை ஒரே காலையில் கவிழ்ந்தது.
மீனவர் சண்டை, ஒரு கல்யாணப் பேச்சு,
மழையில் யாரோ குடை தேடுவது,
எல்லாம் கொக்கியில் தொங்கின,
துணித்தொட்டிக்குள் வால் சுருண்டு.

பதிலுக்கு எங்கள் ஆள் ஒருவரை நுழைத்தோம்.
நிருபர் வேடம், வாடகைக் கோட்டு.
பர்பேங்க் கொட்டகையில் ஒரே ஒரு ஜன்னல் கட்டி
அதன் வழியே இரண்டு நாள் பயந்தார்.
எதிரே துடைப்பக் கட்டை நுனியில் டென்னிஸ் பந்து:
அதுதான் மிருகத்தின் கண்.
அவரோடு பேசும் ஜப்பானிய டாக்டருக்கு
முதுகு மட்டும்.
கறுப்புத் தலைமுடிக்கு நாளுக்குப் பன்னிரண்டு டாலர்.
முகம் என்றால் கூடக் கொடுக்க வேண்டும்.

மொழிபெயர்க்க வந்தவள் ஹிசாயே குரமோத்தோ.
பாயில் ஹைட்ஸ்காரி.
பதினாலு வயதில் முள்வேலி முகாமுக்குப் போனதை
ரயில் மாறி ஏறியதைச் சொல்வதுபோல்
ஒருமுறை சொன்னாள்.
ஏழு வரி அழுகையை அவள் எழுதித் தந்தால்
கெல்லர்மன் அடித்துவிட்டு மேலே எழுதுவார்:
ஓடுங்கள்!

ஆறாம் ரீலில் அந்த வகுப்பறை.
கூரை இல்லை.
டீச்சர் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறாள்.
நாற்பத்தொரு பெயர்.
ஒன்பது "உள்ளேன்."
பதில் வராத பெயருக்குப் பிறகும்
அதே அளவு இடைவெளி விட்டு
அடுத்ததற்குப் போகிறாள்.
இரண்டு நிமிடம் பத்து நொடி.
மிருகம் இல்லை, அதன் வால்கூட இல்லை.

"இங்கேதான் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார்கள்."
அவர் சொன்னது தப்பில்லை.
அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.
நூற்றுத் தொண்ணூற்றைந்து அடி.
வெட்டினேன்.

ஹிசாயே அதைக் கொக்கியிலிருந்து எடுத்து
விளக்குக்கு எதிரே பிடித்தாள்.
ஒலி வேறு சுருளில்;
இதில் உதடு மட்டும், கட்டத்துக்குக் கட்டம்.
பசை நாற்றம் தலைவலிக்கிறது என்று
வெளியே போய் நின்றாள்.

டப்பிங்குக்கு மூன்று நடிகர்கள், அறுபது வாய்கள்.
கடைசி நாள், ஊர் ஓடும் காட்சிக்கு
இரைச்சல் வேண்டியிருந்தது.
"ஜப்பானியத்தில் கத்து. என்ன கத்தினாலும் சரி."
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
மைக் முன் நின்றாள்.
ஐந்து தடம் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம்.
ஒருத்தி ஊரானாள்.
ஐந்தாவது தடத்தில் அவள் கத்தவில்லை என்பதை
ஒலிக்காரன் மட்டும் கவனித்தான்,
அளவைக் குறைத்து விட்டுவிட்டான்.

மாதக் கடைசியில் வெள்ளிக்காக ஃபிலிம் உருக்குபவன் வந்தான்.
மந்திரிசபை, கல்யாணம், குடை, வகுப்பறை,
எல்லாம் ஒரே தராசில்.
நாலு டாலர் முப்பது சென்ட்.

ஜூலையில் ஃபிரெஸ்னோவிலேயே பார்த்தேன்,
தங்கை வீட்டுக்குப் போனபோது.
கார் ஜன்னலில் மாட்டிய தகர ஒலிபெருக்கி.
மிருகம் ரயில் பாலத்தைக் கடிக்கிறது,
பின்சீட்டில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்,
கூட்டம் அலறுகிறது.
தகரம் கனத்த சத்தத்தை விழுங்கிவிடும்.
மெலிந்தது ஒன்று தனியே வந்தது.
ஒரு சொல். இடைவெளி.
ஒரு சொல்.
அதே அளவு இடைவெளி.

எனக்கு அந்த மொழி தெரியாது.
பயந்தவர்கள் இப்படி மூச்சுவிட மாட்டார்கள் என்பது தெரியும்.
விரல் மடக்கி எண்ணினேன்.
இருபத்தாறாவதில்
எங்கள் நிருபர் ஜன்னலுக்கு வந்து
"கடவுளே!" என்றார்.

அந்த வெட்டும் என்னுடையதுதான்.